பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம் மதுரையில் இல்லையா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்று நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே கிளம்பினாலும் சினிமாவில் போய்த்தான் நிற்கும். ஒருத்தர், எந்தப் படமானாலும் தியேட்டரில் பார்த்தால்தான் படம் என்கிற கட்சி. இன்னொருத்தர், நாலு வாரம் பொறுத்தால் வீட்டுக்கே வந்துவிடுகிறது, எதற்குக் குடும்பத்தோடு போய்ப் பாப்கார்னுக்கு அழவேண்டும் என்கிற கட்சி. நீங்கள் வீட்டு டிவியில் ‘விக்கிட்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு (கிரிக்கெட் விக்கெட் இல்லை, இது வேறு), பாட்டாலேயே கதையை நகர்த்துகிற இப்படியொரு மேடை நம் ஊரில் இல்லாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மற்ற இருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதை யூடியூபில் பார்த்தால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

இருக்கிறது தம்பி. நீங்கள் பரோட்டா தின்கிற அதே நேரத்தில், பங்குனி சித்திரையாக இருந்தால், இருபது முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் ஏதாவது ஒரு ஊரில் ஒருத்தர் ஆர்மோனியப் பெட்டிக்குக் காற்று ஊதிக்கொண்டிருப்பார். அதைச் சொல்வதற்குமுன் தியேட்டரா வீடா என்பதை முடித்துவிடுகிறேன். எனக்கு அதில் பெரிய வழக்கு கிடையாது.

படம் என்பது எடுத்து முடித்து வைத்த பண்டம். எங்கே போட்டாலும் அதில் ஒரு காட்சி கூடாது, குறையாது. மாறுவது நம் காதும் கவனமும்தான். 2024 ஆகஸ்டில் ‘கொட்டுக்காளி’ வந்தது. நம் பக்கத்து வெயில், நம் பக்கத்துப் பேச்சு. படத்தில் பின்னணி இசையே கிடையாது. சேவலும் ஆட்டோவும் பைக்கும் காற்றும் போடுகிற சத்தம்தான் இசை. அதை நான் வீட்டில் பார்த்தேன். பாதிப் படம்வரை எது படத்துச் சத்தம், எது அடுப்படிச் சத்தம் என்று பிடிபடவில்லை. குக்கர் விசில் அடித்தபோது வீட்டுக்காரி எழுந்திருக்கவில்லை, படத்தில் என்று நினைத்துவிட்டாள். பருப்பு அடிப்பிடித்தது. இந்த ஒரு விஷயத்தில் தியேட்டர் கட்சிக்காரர் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே இயக்குநர் வினோத்ராஜின் முந்தைய படம் ‘கூழாங்கல்’. அதுவும் மேலூர்ப் பக்கத்துப் பொட்டல்காட்டுக் கதை. 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. நம்மில் பெரும்பாலோர் அதை 2023-ல் ஓடிடியில்தான் பார்த்தோம். தியேட்டரில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், பக்கத்து ஊர்ப் பிள்ளை எடுத்து உலகம் பார்த்த படத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம். அங்கே வீட்டுக் கட்சிக்காரர் ஜெயித்தார். ஆளுக்கொன்று, சரியாகப் போயிற்று.

வீட்டில் பார்ப்பவருக்கு ஒரு சின்ன யோசனை மட்டும். வசனம் காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவதும், பாட்டு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வருவதற்குள் குறைக்க ஓடுவதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தியேட்டரின் பல ஸ்பீக்கர்களுக்காகக் கலந்த ஒலியை டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் திணித்தால் அப்படித்தான் ஆகும். ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பாதிக் கஷ்டம் தீரும். பாட்டு நிறைந்த படத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

இனி உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன்.

சுண்ணாம்புக்காரத் தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அச்சகத்தில் நான் பதினோரு வருஷம் அச்சுக் கோத்தேன். அந்தத் தெருவில்தான் நாடக நடிகர் சங்கம். எங்கள் அச்சகத்துக்கு வேலையில் பாதி கல்யாணப் பத்திரிகை, மீதிப் பாதி நாடக நோட்டீஸ். மஞ்சள், ரோஸ், பச்சை என்று மட்டமான தாளில் ஆயிரம் பிரதி. மேலே சாமி பெயர், ஊர்ப் பெயர், என்ன திருவிழா, எந்தத் தேதி, ‘இரவு சரியாக 10 மணிக்கு’. அந்தச் ‘சரியாக’ என்ற வார்த்தையைக் கோக்கும்போது எங்களுக்கே சிரிப்பு வரும். அடுத்து நாடகத்தின் பெயர் பெரிய எழுத்தில். பத்து நோட்டீஸ் அடித்தால் ஆறில் ‘வள்ளி திருமணம்’. அதற்குக் கீழே ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (மற்ற தாள வாத்தியங்களை வாசிப்பவர்) என்று வரிசையாகப் பெயரும் படமும். படத்துக்கு பிளாக் (படத்தை அச்சடிக்கிற அச்சுக்கட்டை) வைத்திருப்போம். ஒருத்தர் தொழிலுக்கு வந்த வருஷம் செய்த பிளாக்கே இருபது வருஷம் ஓடும். ஆள் நரைத்து வந்து நிற்பார், நோட்டீஸில் மீசை கருகருவென்று இருக்கும். ஒரு தடவை அவசரத்தில் நான் ராஜபார்ட்டுடைய பிளாக்கையும் பபூனுடைய பிளாக்கையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். ஆயிரம் பிரதியும் ஊருக்குப் போய்விட்டது. ராஜபார்ட் வந்து சத்தம் போட்டார். பபூன் வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். இசை நாடகம் என்றும் சொல்வார்கள். ‘ஸ்பெஷல்’ என்ற சொல்லில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. ஒரே கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்து, ஒன்றாகத் தின்று, ஒன்றாக ஒத்திகை பார்த்து ஊர் ஊராகப் போவது கம்பெனி நாடகம். ஸ்பெஷலில் கம்பெனியே கிடையாது. ஒவ்வொரு கலைஞரையும் அந்த ஒரு ராத்திரிக்கென்று தனியாகப் பேசிப் பிடிப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஏஜென்டைப் பார்த்து, ‘ராஜபார்ட்டுக்கு இன்னாரைப் போடு, ஸ்திரீபார்ட்டுக்கு இன்னாரைப் போடு’ என்று முன்பணம் கொடுப்பார்கள். ஏஜென்ட் அவரவர் தேதி காலியா என்று பார்த்து எழுதிக்கொள்வார். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வருவார், பெட்டிக்காரர், அதாவது ஆர்மோனியம் வாசிப்பவர், மதுரையிலிருந்து போவார். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ஒருத்தரையொருத்தர் முதல் தடவையாகப் பார்ப்பதே அன்றைக்கு ராத்திரி, மேடைக்குப் பின்னால் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அரிதாரம் பூசும்போதாக இருக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் இருவரும் முருகனும் வள்ளியுமாக விடிய விடியப் பாட்டிலேயே வழக்காடுவார்கள்.

எப்படி முடிகிறது? பாடம் ஒன்றாக இருப்பதால் முடிகிறது. அந்தப் பாடத்தைப் பெரும்பாலும் எழுதி வைத்துப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922-ல் புதுச்சேரியில் காலமானவர். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று மிரட்டுகிற வேஷங்களாகப் போட்டுவிட்டு, பிறகு வேஷத்தை விட்டு எழுத்துக்கும் வாத்தியார் வேலைக்கும் வந்தார். 1918-ல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ என்று சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் பெயர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே படித்த பிள்ளைகள்தான். அந்தப் பையன்களுக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்பார்கள். அல்லி அர்ச்சுனா, பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் என்று இன்றைக்கும் நோட்டீஸில் வருகிற பெயர்கள் எல்லாம் அவர் கையில் பட்டு உருவானவை. நாட்டுப்புறத்துச் சிந்தும் இருக்கும், விருத்தமும் வெண்பாவும் இருக்கும், கர்நாடக ராகமும் இருக்கும். இடையில் வடக்கத்தி மெட்டும் புகுந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே சுற்றி வந்தபோது கொண்டுவந்து கொடுத்தவை அந்த மெட்டும், வண்ணம் தீட்டிய சீன் படுதாவும், ஆர்மோனியமும்.

உங்கள் ‘விக்கிட்’டை எடுத்துக்கொள்வோம். 2003-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடை ஏறிய நாடகம் அது. படமாக்கும்போது இரண்டாக வெட்டி, முதல் பாதியை 2024 நவம்பரிலும் மறு பாதியை 2025 நவம்பரிலும் விட்டார்கள். நாடகம் முழுக்க இடைவேளையோடு இரண்டே முக்கால் மணி நேரம். முதல் பாதிப் படம் மட்டுமே இரண்டு மணி நாற்பது நிமிஷம். இழுத்துவிட்டார்கள் என்று அங்கே சிலருக்குக் குறை. வள்ளி தினைப்புனத்துக்கு வந்து ‘ஆலோலம்’ பாடிக் குருவி விரட்டுவதையே முக்கால் மணி நேரம் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் ஒரு இழுப்பா?

வேடிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டு ஆட்டம் போடுவார்கள். எந்த அடியில் விளக்கு மாறும், எந்த எழுத்தில் மூச்சு விடவேண்டும் என்பதெல்லாம் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஆணி அடித்தது. நடிகைக்குக் காய்ச்சல் என்றால் அதே அசைவுகளைப் பாடம் பண்ணி வைத்திருக்கிற இன்னொருத்தர் ஏறுவார், ஆட்டம் மாறாது. மாறாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பெருமை. அப்படி ஆணி அடித்த ஆட்டத்தைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினாலும் பெரிதாகச் சேதாரம் ஆவதில்லை. ‘ஹாமில்டன்’ என்ற நாடகத்தை 2016 ஜூனில் மேடையிலேயே படம் பிடித்து வைத்திருந்து, 2020 ஜூலையில், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ஓடிடியில் விட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நாடகத்தைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன்.

ஸ்பெஷல் நாடகத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நாரதர் வள்ளி தர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதைப்படி நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியிடம் முருகனைப் பற்றி எடுத்துச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். மேடையில் நடப்பது மல்யுத்தம். நாரதர் ஒரு விருத்தத்தைக் காம்போதி ராகத்தில் எடுப்பார். எடுக்கிற இடத்திலேயே ஸ்ருதியை உச்சத்தில் வைத்துப் பார்ப்பார், எதிரே நிற்கிற பெண்ணுக்கு எட்டுகிறதா என்று. பெட்டிக்காரர் அதைப் பிடித்து, வள்ளிக்கு வாகான இடத்தில் கொண்டுவந்து இறக்கிக் கொடுப்பார். வள்ளி பதிலுக்கு அதே ராகத்தில் நின்று பாடினால் ஒரு மார்க். ‘சாமி, சன்னியாசிக்குத் தினைப்புனத்தில் என்ன வேலை?’ என்பது மாதிரி மடக்கிவிட்டு வேறு ராகத்துக்குத் தாவினால் இரண்டு மார்க். நாரதருக்குப் பதில் தெரியாமல் முழித்தால் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிற கிழவிகள் சிரித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பாடம் முழுக்கத் தெரியும். எந்த வரியை விட்டார், எந்த வரியை முழுங்கினார் என்று காலையில் கண்மாய்க்கரை முழுக்கப் பேச்சாக இருக்கும். அன்றைக்கு யார் எதிரே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அதே காட்சி நாற்பது நிமிஷத்திலும் முடியும், இரண்டு மணி நேரமும் போகும்.

இப்படித் திறந்து கிடந்ததால்தான் அது சுதந்திரப் போராட்டத்துக்கும் உதவியது. திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பெயரில் அங்கே நினைவு இல்லம் இருக்கிறது. ‘கொக்குப் பறக்குதடி பாப்பா’ என்று அவர் பாடினால், விரட்டவேண்டிய வெள்ளைக் கொக்கு எது என்று எதிரே இருப்பவருக்குப் புரியும். பாட்டை எழுதியவர் நம் மதுரகவி பாஸ்கரதாஸ். வள்ளி திருமணம் பார்க்க வந்த கூட்டத்தில் போலீஸும் நின்றது. மேடையிலேயே பல தடவை கைது செய்தார்கள். 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில் முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. ஆணி அடித்த நாடகமாக இருந்தால் அந்தக் கொக்கு உள்ளே நுழைந்திருக்குமா?

சினிமாவே இந்த மேடையிலிருந்து இறங்கி வந்ததுதான். 1934-ல் வந்த ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டு என்று கேட்டால் இப்போது சிரிப்போம். தியாகராஜ பாகவதர் மேடையில் பாடி ஜெயித்த அதே நாடகத்தைத்தான் தூக்கிக் கேமரா முன் வைத்தார்கள். பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் தேறியவர்கள். ஆகவே உங்கள் நண்பர்கள் தியேட்டரா வீடா என்று அடித்துக்கொள்கிறார்களே, அந்தச் சொத்துக்குப் பாட்டன் மூன்றாவதாக ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லுங்கள். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு 2,563 இருக்கைகளுடன் திறந்த தங்கம் தியேட்டர் எங்கள் அப்பா காலத்து அதிசயம். அது எழுந்து, ஓய்ந்து, இருந்த இடமும் மாறிவிட்டது. அந்தப் பாட்டன் மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

வருமானம் முன்னைப்போல இல்லை என்பது உண்மை. டெக்கு (வீடியோ கேசட் போடுகிற பெட்டி) வாடகைக்கு வந்த காலத்தில் முதல் அடி விழுந்தது. டிவிப் பெட்டியையும் டெக்கையும் வேனில் கொண்டுவந்து மந்தையில் வைத்து, விடிய விடிய நாலு படம் போட்டால் நாடகச் செலவில் கால்வாசி கூட ஆகாது. பிறகு ஆடல் பாடல் வந்தது. இளவட்டங்கள் பட்ஜெட்டை அந்தப் பக்கம் இழுத்தார்கள். இன்றைக்கு ஒலிபெருக்கிக்கும் நேரத்துக்கும் போலீஸ் அனுமதி வாங்கவேண்டும். ராத்திரி பத்துக்குத் தொடங்குகிற கலைக்கு, பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்கிற விதி எவ்வளவு இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியும் சில ஊர்களில் சாமிக்கு நேர்ந்தது என்பதால் நாடகத்தை விடமாட்டேன் என்கிறார்கள். மழை வேண்டி, கண்மாய் பெருக வேண்டி, வள்ளிக்குத் தாலி ஏறுவதை ஊர் பார்த்தாக வேண்டும். அந்தப் பிடிவாதத்துக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

யூடியூபில் பார்த்தால் போதுமா என்றீர்கள். பார்க்கலாம், கொட்டிக் கிடக்கிறது. ஆனால் முதல் நாடகமாக அதைப் பார்க்காதீர்கள். நானே ஒருநாள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று டிவியில் போட்டு உட்கார வைத்தேன். பத்தாவது நிமிஷம் பெரியவள் போனை எடுத்தாள், பதினைந்தாவது நிமிஷம் சின்னவன் ஓட்டிவிடச் சொன்னான். அவர்களைக் குறை சொல்லவில்லை. கேமரா ராஜபார்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் பெட்டிக்காரர் புருவத்தைத் தூக்கி வள்ளிக்குக் காட்டுகிற ஜாடை அதில் விழாது. மைக்கில் நேராக எடுத்த ஒலியில் ஊர்ச் சத்தம் இருக்காது. மூன்று மணிக்கு ஜனம் எல்லாம் கிறங்கிக் கிடக்கும்போது மிருதங்கமும் ஆல்ரவுண்டும் சேர்ந்து ஒரு தீர்மானம் (தாளத்தை அடித்து முடிக்கிற முத்தாய்ப்பு) வைத்து எல்லாரையும் உலுக்கி எழுப்புவது, சோபாவில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி உறைக்கும்? தூங்கியவனுக்குத்தான் அது உறைக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே வீட்டில்தான். எங்கள் தாத்தாவிடம் ஒரு கிராமபோன் இருந்தது, தட்டு எல்லாம் கீறல். அதில் நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா. செங்கோட்டைக்காரர், 1906-ல் பிறந்து 1933-ல் போய்ச் சேர்ந்துவிட்டார், இருபத்தேழு வயது. பேசும்படம் வந்துவிட்ட காலம்தான், ஆனாலும் ஒரு படத்திலும் அவர் இல்லை. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நின்ற மேடைகளைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. நமக்கு மிஞ்சியது அந்தத் தட்டு மட்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் போகவேண்டிய குரல், நாலு கட்டை ஐந்து கட்டை என்று பெண் குரலின் உயரத்தில் போய் நின்றுகொண்டு பிர்கா உதிர்க்கும். மூன்று சொச்சம் நிமிஷத்தில் தட்டு முடிந்துவிடும். ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைப்பார் தாத்தா. ஆகவே வீட்டில் கேட்பவரை நான் எந்த வாயால் கேலி செய்வேன்? உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லவேண்டாம், ரொம்பத் துள்ளுவார்.

போவதென்று முடிவு செய்தால் சில விஷயங்கள். மாசி கடைசியில் தொடங்கி ஆடி வரைக்கும் தேதி நெருக்கமாக விழும். பங்குனி, சித்திரை, வைகாசிதான் உச்சம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும், கொஞ்சம் தாண்டினால் சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையிலும் திருவிழா நடக்கிற ஊரில் விசாரித்தால் தெரியும். டிக்கெட் கிடையாது. ஊர்த் திருவிழா, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நாற்காலி தேடாதீர்கள். பாய், போர்வை, தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது, அவ்வளவு போதும். நாலு பேர் போனால் ஒரு ஆள் ஊர்ப் பெரியவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு உட்காருங்கள், விடிகாலையில் டீ தானாக வரும்.

பத்து மணி என்று போட்டிருந்தால் பத்தரைக்குப் பெட்டி பாடத் தொடங்கும். பிறகு பபூன் வருவார். அடுத்து டான்ஸ் வருவார். இருவரும் சேர்ந்து ஒன்றரை இரண்டு மணி நேரம் அடிக்கிற லூட்டியில் சினிமா மெட்டும் இருக்கும், இரட்டை அர்த்தமும் இருக்கும். சில ஊரில் கொஞ்சம் இருக்கும், சில ஊரில் காது கூசும். குடும்பத்தோடு போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குமேல் போனால் கதைக்குச் சரியாக இருக்கும். ஆனால் நல்ல பபூன் ஒருவர் மாட்டிவிட்டால் அதை விடாதீர்கள். தனி ஆளாக, வெறும் பேச்சையும் பாட்டையும் வைத்து ஆயிரம் பேரைக் கட்டிப்போடுகிற வித்தை சும்மா வராது. இடையிடையே யாராவது நூறு ரூபாய் அன்பளிப்புக் கொடுப்பார்கள், அவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் பாட்டு தொடரும். எரிச்சல்படாதீர்கள். அந்தக் கலைஞர்கள் வீட்டுக்குப் போகிற பணம் அது.

மேடைக்கு நேர் எதிரே உட்காரவேண்டாம். பெட்டிக்காரர் கையும் முகமும் தெரிகிற பக்கமாகப் போய் உட்காருங்கள். கதாபாத்திரங்களைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பாருங்கள். யார் திணறுகிறார், யாரைத் தூக்கிவிடுகிறார், யாரை ‘வா பார்ப்போம்’ என்று இழுக்கிறார் என்பதெல்லாம் அவர் விரலில் தெரியும். ராகம் தெரியவில்லையே என்று கூச்சம் வேண்டாம். வேடன் வேஷத்தில் முருகன் வந்து வள்ளியோடு வாதாடுகிற இடம் ஒரு மணிக்குமேல் வரும், அங்கே ராகம் தெரியாதவனுக்கும் யார் ஜெயிக்கிறார் என்பது தெரிந்துவிடும். கிழவன் வேஷம் வரும்போது சிரிப்பு, யானை வரும்போது குழந்தைகளை எழுப்பிவிடுவார்கள். தாலி ஏறும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

எந்த நாடகத்துக்குப் போவது என்று கேட்பீர்கள். பேனரையோ நோட்டீஸையோ பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர்ப் பெயர் போட்டிருப்பார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே ஊர் என்றால் அவர்கள் அடிக்கடி சேர்ந்து ஆடிப் பழகியவர்கள், ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கும் போகலாம். ஆனால் முதல் தடவைக்கு, ராஜபார்ட்டுக்கு ஒரு ஊர், ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு ஊர், நாரதருக்கு ஒரு ஊர், பெட்டிக்காரருக்கு ஒரு ஊர் என்று கலைந்து கிடக்கிற நோட்டீஸாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, உங்கள் நண்பர்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றுங்கள்.